படத்துக்கும் சிம்ஃபனிக்கும் ஒரே கை: மால்கம் ஆர்னால்ட், ஓர் எளிய அறிமுகம்

'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' படத்தைப் பார்க்காதவர்கள்கூட அதன் விசில் மெட்டை எங்காவது கேட்டிருப்பார்கள். கந்தல் உடையும் பிய்ந்த பூட்ஸுமாகப் பிரிட்டிஷ் போர்க் கைதிகள் ஜப்பானிய முகாமுக்குள் அணிவகுத்து நுழைகிறார்கள். உதட்டைக் குவித்து அத்தனை பேரும் சேர்ந்து அடிக்கிற விசில் அது. 1957-ல் வந்த அந்தப் படத்துக்கு இசையமைத்தவர் மால்கம் ஆர்னால்ட். அதற்காக அவருக்கு ஆஸ்கரும் கிடைத்தது. ஆனால் அந்த விசில் மெட்டு அவர் போட்டதில்லை. பிரிட்டிஷ் ராணுவத்தில் பேண்ட் மாஸ்டராக இருந்த ஃபிரெடரிக் ரிக்கெட்ஸ், கென்னத் ஆல்ஃபர்ட் என்ற புனைபெயரில் 1914-லேயே எழுதிய 'கர்னல் போகி' என்ற மார்ச் (அணிவகுப்பு இசை) அது.

அப்படியென்றால் ஆஸ்கர் எதற்கு? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். பின்னணி இசையில் இசையமைப்பாளர் உண்மையில் என்ன வேலை செய்கிறார், அதே ஆள் கச்சேரி மேடைக்கு எழுத உட்காரும்போது என்ன மாறுகிறது என்பதெல்லாம் விளங்கிவிடும். ஆர்னால்ட் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களுக்கு, ஆவணப்படங்களையும் சேர்த்து, இசையமைத்தார். ஆர்க்கெஸ்ட்ரா மேடையில் வாசிக்கும் நீளமான படைப்புகளான சிம்ஃபனிகள் ஒன்பது எழுதினார். ஒரே கைதான் இரண்டையும் எழுதியது, ஒரே திறமைதான் இரண்டிலும் வேலை செய்தது என்பது என் உறுதியான எண்ணம். அவருடைய நாட்டு விமர்சகர்கள் பலருக்கு இது நெடுநாள் புரியவில்லை. 'படத்துக்கு எழுதுகிற ஆள்' என்று சிம்ஃபனிகளை ஒதுக்கிவைத்தார்கள்.

ஒன்றின் மேல் இன்னொன்று

முதலில் அந்த விசிலை எடுத்துக்கொள்வோம். 'கர்னல் போகி' இரண்டே ஸ்வரங்களில் தொடங்குகிறது. பஞ்சமத்திலிருந்து காந்தாரத்துக்கு ஓர் இறக்கம். கோல்ஃப் மைதானத்தில் பந்து வருகிறது என்று எச்சரிக்கக் கத்துவதற்குப் பதிலாக யாரோ ஒருவர் இந்த இரண்டு ஸ்வரங்களை விசிலடிப்பார், அதைக் கேட்டுத்தான் ரிக்கெட்ஸுக்கு மார்ச் பிறந்தது என்று ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் சிப்பாய்கள் இந்த மெட்டுக்கு ஹிட்லரைப் பற்றி மிகவும் பச்சையான வரிகளைக் கட்டிப் பாடினார்கள். அந்த வரிகளைத் திரையில் பாடவைக்க முடியாது. அதனால் விசில். படம் பார்க்கிற பிரிட்டிஷ்காரர்கள் வரிகளை மனசுக்குள் தாங்களே பாடிக்கொள்வார்கள் என்று இயக்குநர் டேவிட் லீனுக்குத் தெரியும்.

கைதிகள் விசிலடித்தபடி வந்துகொண்டிருக்கும்போதே ஆர்க்கெஸ்ட்ரா உள்ளே நுழைகிறது. அது வாசிப்பது 'கர்னல் போகி' இல்லை. 'ரிவர் க்வாய் மார்ச்' என்று ஆர்னால்ட் புதிதாக எழுதிய வேறொரு மெட்டு. விசில் நிற்காமல் ஓடுகிறது, அதன் மேலேயே புது மெட்டும் ஓடுகிறது. இரண்டும் முட்டிக்கொள்ளவில்லை.

இதைத்தான் கவுண்டர் மெலடி என்கிறார்கள். தமிழ்த் திரையிசையை உன்னிப்பாகக் கேட்கிறவர்களுக்குப் பழகிய சொல்தான். கேட்க எளிதாக இருக்கும், எழுதுவது எளிதில்லை. இரண்டு மெட்டுக்கும் அடியில் ஒரே கார்டு வரிசை ஓட வேண்டும்; கார்டு என்பது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்களின் கூட்டு. தாளத்தில் அழுத்தம் விழும் இடத்தில் இரண்டு மெட்டின் ஸ்வரங்களும் ஒன்றுக்கொன்று இணக்கமாக இருக்க வேண்டும். நடுவில் கொஞ்சம் உரசினால் பரவாயில்லை. இதைவிட முக்கியமான இன்னொன்று: ஒரு மெட்டு நீளமாக ஒரு ஸ்வரத்தில் நிற்கும்போது மற்றது நகர வேண்டும், அது ஓடும்போது இது நிற்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஓடினால் காதுக்கு இரைச்சல்தான் மிஞ்சும். ஆர்னால்டுக்கு இன்னொரு நிபந்தனையும் இருந்தது. 'கர்னல் போகி'யில் ஒரு ஸ்வரத்தையும் அவர் மாற்ற முடியாது. ஊருக்கே தெரிந்த மெட்டு அது. புது மெட்டுதான் பழையதற்கு வளைந்து கொடுக்க வேண்டும், அதே சமயம் தனியாக வாசித்தாலும் ஒரு முழு மார்ச்சாக நிற்க வேண்டும். 'ரிவர் க்வாய் மார்ச்' நிற்கிறது. இன்றும் பேண்ட் குழுக்கள் அதைத் தனியாக வாசிக்கின்றன.

காட்சிக்கு இது என்ன செய்கிறது என்று பாருங்கள். விசில், கைதிகளின் மூச்சு: மெலிந்தது, களைத்தது, ஆனாலும் பிடிவாதமானது. ஆர்க்கெஸ்ட்ரா அவர்கள் தங்களைப் பற்றி வைத்திருக்கும் பெருமை. கண்ணுக்குத் தெரிவது கந்தல் கூட்டம், காதுக்குக் கேட்பது ஒரு படை. பின்னாளில் கைதிகளின் தலைவர் கர்னல் நிக்கல்சன் எதிரிக்காகவே பாலத்தை அத்தனை அக்கறையாகக் கட்டி முடிக்கப்போகும் அந்த விபரீதப் பெருமையின் விதை இங்கேயே விழுந்துவிடுகிறது. ஒரு வசனமும் இல்லாமல்.

இந்த இசையை எழுதி முடிக்க அவருக்குக் கிடைத்த அவகாசம் பத்து நாட்கள்.

இந்தப் படத்தைப் பற்றித் தமிழில் எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. படம் எடுக்கப்பட்டது இலங்கையில், கித்துல்கலவில், களனி ஆற்றின் கரையில். கதை நடப்பதாகச் சொல்லப்படும் சயாம்-பர்மா ரயில் பாதை 1942-43-ல் ஜப்பானிய ராணுவம் போட்ட 415 கிலோமீட்டர் பாதை. அங்கே நேச நாட்டுப் போர்க் கைதிகள் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இறந்தவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அவர்களில் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் 'சயாம் மரண ரயில்' என்றால் இன்றும் நினைவு இருக்கிறது. படம் அந்த மனிதர்களின் கதைக்குள் போகவே இல்லை. ஆர்னால்டின் மார்ச் எவ்வளவு பிடித்தாலும், அது யாருடைய கதைக்கு வாசிக்கப்பட்டது, யாருடையது விட்டுப்போனது என்பதும் எனக்குக் கூடவே நினைவுக்கு வருகிறது.

ஸ்டாப் வாட்சும் பென்சிலும்

நம் ஊரில் ரீரெக்கார்டிங் என்று சொல்கிற வேலை அந்தக் காலத்துப் பிரிட்டனில் எப்படி நடந்தது? படத்தொகுப்பு முடிந்த பிறகு இயக்குநரும் இசையமைப்பாளரும் உட்கார்ந்து படத்தை ரீல் ரீலாகப் பார்ப்பார்கள். எங்கே இசை தொடங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று முடிவாகும். அப்புறம் ஒவ்வொரு இசைத் துண்டுக்கும் ஒரு நேரப் பட்டியல் வரும்: இந்த நொடியில் கதவு திறக்கிறது, இந்த நொடியில் அவள் திரும்புகிறாள், இந்த நொடியில் துப்பாக்கி வெடிக்கிறது.

இனி கணக்கு. படம் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. நிமிடத்துக்கு 120 தட்டு போகும் ஒரு மார்ச்சை எடுத்துக்கொண்டால், நொடிக்கு இரண்டு தட்டு, ஒரு தட்டுக்கு 12 ஃபிரேம். கதவு 17-வது நொடியில் அறைந்து சாத்துகிறது என்றால் 34 தட்டு முடிந்த இடம், பிரச்சினை இல்லை. அதுவே பதினேழேகால் நொடி என்றால் அரைத் தட்டு இடறுகிறது. வேகத்தை ஒரு மயிரிழை கூட்டலாம். நடுவில் அரைத் தட்டு அதிகமுள்ள ஒரு பாரை, அதாவது ஒரு தாளச் சுற்றை, செருகலாம். அல்லது கதவுச் சத்தத்துக்கு இடம் விட்டு இசையை அங்கே மூச்சு வாங்க வைக்கலாம். எதைச் செய்தாலும் கேட்கிறவனுக்கு மெட்டு நொண்டுவதுபோல் தெரியக் கூடாது. இதுதான் அந்தத் தொழிலின் சூட்சுமம். வருஷத்துக்கு நாலைந்து படம் என்று ஆர்னால்ட் பல ஆண்டுகள் இதைச் செய்தார். ஹாலிவுட்டில் இசையமைப்பாளர் மெட்டையும் முக்கியக் குறிப்புகளையும் எழுதித் தந்தால், எந்த வாத்தியம் எதை வாசிக்க வேண்டும் என்று விரித்தெழுத வேறு ஆட்கள் இருப்பது வழக்கம். ஆர்னால்ட் எல்லா வாத்தியங்களுக்குமான முழு ஸ்கோரையும் (எழுதிய இசைக் குறிப்பையும்) தானே எழுதினார்.

எங்கே இசை வேண்டாம் என்பதும் இந்த வேலையில் சேர்த்தி. க்வாய் படத்தின் உச்சக்கட்டத்தை இன்னொரு முறை பாருங்கள். ரயில் நெருங்குகிறது, ஆற்றில் தண்ணீர் வற்றி வெடிகுண்டின் கம்பி வெளியே தெரிகிறது. பதற்றத்தைக் கூட்ட டிரம் உருட்ட ஆசை வரும் இடம் அது. ஆற்றோசையும் தூரத்து ரயில் சத்தமுமே அங்கே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

ஒரு வாத்தியத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே ஒரு காட்சி பிழைத்துவிடும் என்பதற்கு அவருடைய இன்னொரு படத்தைச் சொல்வேன். 1954-ல் டேவிட் லீன் எடுத்த 'ஹாப்சன்ஸ் சாய்ஸ்'. சால்ஃபர்டில் செருப்புக் கடை வைத்திருக்கும் ஹாப்சன் மூக்கு முட்டக் குடித்துவிட்டு வெளியே வருகிறார். மழை பெய்து ஓய்ந்த தெருவில் குட்டை குட்டையாகத் தண்ணீர். அதில் நிலா தெரிகிறது. மிதிக்கப் போகிறார், நிலா அடுத்த குட்டைக்குத் தாவிவிடுகிறது. வசனமே கிடையாது, நடிகர் சார்லஸ் லாட்டனின் பெருத்த உடம்பும் இசையும் மட்டும்தான். நிலாவுக்கு ஆர்னால்ட் கொடுத்த குரல், ரம்பம். மரம் அறுக்கிற ரம்பத்தை வளைத்து வில்லால் இழுத்தால் வருமே, ஒரு நடுங்கும், வழுக்கும் ஓசை, அது. புல்லாங்குழலோ வயலினோ வாசித்திருந்தால் அழகான நிலாவாக இருந்திருக்கும். ரம்பம் வாசித்ததால் குடிகாரன் கண்ணில் தெரிகிற நிலாவாகிவிட்டது.

ஆர்க்கெஸ்ட்ராவின் பின் வரிசையிலிருந்து

ஆர்னால்டின் அப்பாவும் செருப்புத் தொழில்காரர்தான். இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன் ஷூ தயாரிப்புக்குப் பேர்போன ஊர். அங்கே வசதியான ஷூ உற்பத்தியாளர் வீட்டில் ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டியாக 1921 அக்டோபர் 21 அன்று மால்கம் பிறந்தார். வீட்டில் பியானோ சத்தம் எப்போதும் உண்டு. ஆனால் அவரைப் பிடித்து இழுத்தது பியானோ இல்லை. சிறுவனாக லூயி ஆம்ஸ்ட்ராங் வாசிப்பதைக் கேட்டார். பன்னிரண்டு வயதில் டிரம்பெட் கைக்கு வந்தது. ஒரு ஜாஸ் கலைஞனைக் கேட்டு இசைக்குள் வந்தவர் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேல்தட்டு இசை, கீழ்த்தட்டு இசை என்ற பிரிவினை அவருக்குக் கடைசிவரை ஒட்டவில்லை.

லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். டிரம்பெட்டுக்கு எர்னஸ்ட் ஹால், இசையமைப்புக்கு கார்டன் ஜேக்கப் என்று நல்ல ஆசிரியர்கள் வாய்த்தார்கள். 1941-ல் லண்டன் ஃபில்ஹார்மானிக் ஆர்க்கெஸ்ட்ராவில் இரண்டாவது டிரம்பெட்காரராகச் சேர்ந்து, 1943-ல் முதன்மை டிரம்பெட்காரர் ஆனார்.

டிரம்பெட்காரர் ஆர்க்கெஸ்ட்ராவின் பின் வரிசையில் உட்காருபவர். ஒரு சிம்ஃபனி நாற்பது நிமிடம் என்றால் அதில் பெரும்பகுதி அவருக்கு ஓய்வு. பார்களை எண்ணிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், தன் முறை வந்ததும் பிசகில்லாமல் நுழைய வேண்டும். இசையமைப்பாளராகப் போகிறவனுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. எந்த இடத்தில் ஓபோ அமுங்கிப்போகிறது, ஹார்ன்காரர் மூச்சுக்குத் திணறுவது எங்கே, எந்த இரண்டு வாத்தியம் சேர்ந்தால் மூன்றாவதாக ஒரு நிறம் பிறக்கிறது என்பதையெல்லாம் மேடைக்குள்ளேயே இருந்து வருஷக்கணக்கில் கேட்டார். அதனால்தான் அவர் எழுதியதை வாசிக்க வாத்தியக்காரர்களுக்குப் பிடிக்கும். பின் வரிசை ஆளுக்கும் வாசிக்க ருசியாக ஏதாவது இருக்கும்.

போர் அவரையும் விடவில்லை. தொடக்கத்தில் ஆயுதம் ஏந்த மறுத்தவர், அண்ணன் ஒருவர் விமானப்படையில் இறந்த பிறகு, 1944-ல் தானாகப் போய் ராணுவத்தில் சேர்ந்தார். அவரைச் சண்டைக்கு அனுப்பாமல் ராணுவ பேண்டில் போட்டார்கள். வெறுத்துப்போய்த் தன் காலிலேயே சுட்டுக்கொண்டு வெளியே வந்தார். மறுபடி ஆர்க்கெஸ்ட்ரா. 1948-ல் டிரம்பெட்டை வைத்துவிட்டு முழுநேரமும் எழுதுவது என்று முடிவெடுத்தார்.

அடுத்த இருபது ஆண்டுகள் அவர் எழுதித் தள்ளியதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. ட்வொர்ஷாக்கின் 'ஸ்லாவோனிக் டான்சஸ்' மாதிரி ஒன்று வேண்டும் என்று பதிப்பகத்தார் கேட்க, 1950-51-ல் 'இங்கிலீஷ் டான்சஸ்' என்று இரண்டு தொகுப்பு, மொத்தம் எட்டு நடனங்கள் வந்தன. கேட்டால் ஏதோ பழைய கிராமிய மெட்டுகள் என்றுதான் தோன்றும். எல்லாமே அவர் புதிதாகப் போட்டவை. எலிசபெத் ராணி முடிசூடிய 1953 ஜூன் 2 இரவில் கோவன்ட் கார்டனில் அரங்கேறிய பாலே அவருடையது. ஹார்மோனிகா மேதை லாரி ஆட்லர், கிட்டார்க்காரர் ஜூலியன் பிரீம், ஜாஸ் கிளாரினெட் சக்கரவர்த்தி பென்னி குட்மன் என்று பலருக்கும் தனித்தனியாக கான்செர்ட்டோ, அதாவது ஒரு தனி வாத்தியமும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு, எழுதிக் கொடுத்தார். 1956-ல் நண்பர் ஜெரார்ட் ஹாஃப்னங் லண்டனில் நடத்திய நகைச்சுவை இசை விழாவுக்கு எழுதிய 'எ கிராண்ட் கிராண்ட் ஓவர்ச்சர்' முழு ஆர்க்கெஸ்ட்ராவோடு மூன்று வாக்குவம் கிளீனர், ஒரு தரை பாலிஷ் மெஷின், நான்கு ரைஃபிள்களுக்கு எழுதப்பட்டது. கூத்தாகத் தெரியலாம். ஆனால் ஸ்கோர் அத்தனை ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறது.

1969 செப்டம்பர் 24 அன்று ராயல் ஆல்பர்ட் ஹாலில் டீப் பர்ப்பிள் ராக் குழுவும் ராயல் ஃபில்ஹார்மானிக் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து, அந்தக் குழுவின் கீபோர்டு கலைஞர் ஜான் லார்ட் எழுதிய கான்செர்ட்டோவை வாசித்தபோது நடத்தியவர் ஆர்னால்ட்தான். அந்தக் காலத்தில் பெயர் வாங்கிய ஒரு சிம்ஃபனி இசையமைப்பாளர் அப்படி ஒரு மேடையில் ஏறுவது சாதாரணமில்லை.

படம் இல்லாத படம்

இப்போது கச்சேரி மேடைக்கு வருவோம். படத்தில் காட்சி ஏற்கெனவே இருக்கிறது, இசை அதற்குத் துணை. சிம்ஃபனியில் காட்சி கிடையாது. ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதப்படும், வழக்கமாக நாலு பகுதிகள் கொண்ட நீளமான படைப்பு. அதில் மெட்டுகள்தான் பாத்திரங்கள். ஒரு மெட்டு அறிமுகமாகும், இன்னொன்றோடு மோதும், உருமாறித் திரும்ப வரும். கேட்பவர் செய்ய வேண்டியது அந்த மெட்டுக்கு என்ன நேர்கிறது என்று பின்தொடர்வது மட்டும்தான்.

இரண்டுக்கும் நடுவே ஒரு படிக்கட்டு வேண்டுமென்றால் 'பீட்டர்லூ ஓவர்ச்சர்' இருக்கிறது. 1819 ஆகஸ்ட் 16 அன்று மான்செஸ்டர் செயின்ட் பீட்டர்ஸ் மைதானத்தில் வாக்குரிமை கேட்டுக் கூடியிருந்த மக்கள்மேல் குதிரைப்படை பாய்ந்தது. பலர் செத்தார்கள், நூற்றுக்கணக்கானோர் காயப்பட்டார்கள். பிரிட்டிஷ் தொழிற்சங்கக் காங்கிரஸின் நூற்றாண்டுக்காக 1968-ல் ஆர்னால்ட் அதை இசையாக எழுதினார். பத்து நிமிடம் இருக்கும். வயலின்களில் விசாலமான, அமைதியான ஒரு மெட்டு: கூடியிருக்கும் ஜனங்கள். அதற்குள் எங்கோ பின்னாலிருந்து டிரம் சத்தம். மெட்டு அதைக் கவனிக்காமல் தொடர்கிறது, டிரம் நெருங்குகிறது, பித்தளை வாத்தியங்கள் பாய்கின்றன, எல்லாம் நொறுங்குகிறது. பிறகு அதே மெட்டு மெல்ல எழுகிறது. க்வாயில் இரண்டு மெட்டு தோளோடு தோள் நடந்தன. இங்கே ஒன்று மற்றதை மிதிக்கிறது. கை அதேதான். காட்சியை மட்டும் நாமே மனசில் ஓட்டிக்கொள்கிறோம்.

ஐந்தாம் சிம்ஃபனியில் இதே கை இன்னும் ஆழமாகப் போகிறது. அவருடைய படைப்புகளில் எனக்கு மிக நெருக்கமானது இதுதான். 1961-ல் செல்ட்னம் விழாவில் முதன்முதலாக வாசிக்கப்பட்டது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் ஆர்னால்டின் நண்பர்கள் ஒருவர் பின் ஒருவராக இளம் வயதில் போய்விட்டார்கள். ஹார்ன் வாசிப்பவர் டென்னிஸ் பிரெயின் 1957-ல் கார் விபத்தில், நகைச்சுவை விழா நடத்திய ஹாஃப்னங் 1959-ல், அவர்களுக்கு முன்பே கிளாரினெட் கலைஞர் ஃபிரெடரிக் தர்ஸ்டன். சிம்ஃபனி முழுக்க அவர்களின் நினைவு. இரண்டாம் பகுதியில் வயலின்கள் ஒரு மெட்டு வாசிக்கின்றன. வெட்கமே இல்லாமல் இனிமையான மெட்டு, ஒரு காதல் படத்தின் கடைசி ரீலில் வரக்கூடியது. நவீன சிம்ஃபனியில் இப்படி ஒரு மெட்டா என்று அன்றைக்கு விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள்.

நாலாம் பகுதியின் கடைசிவரை அவர்கள் பொறுமையாகக் கேட்டிருக்க வேண்டும். ராணுவக் குழலும் டிரம்மும் மாதிரித் தொடங்கி, பரபரப்பாக ஓடி, ஒரு கட்டத்தில் அந்த இனிமையான மெட்டு திரும்ப வருகிறது. இம்முறை ஆர்க்கெஸ்ட்ராவே நிமிர்ந்து நின்று முழங்குகிறது. படமாக இருந்தால் இங்கே 'வணக்கம்' போட்டுவிடலாம். மெட்டு தன் கடைசி ஸ்வரத்தில் போய் நிற்க வேண்டிய அந்த நொடியில் அடியிலிருக்கும் கார்டு பிடுங்கப்படுகிறது. முழக்கம் சரிந்து விழுகிறது. மணிகள் தனித்தனியாக அடிக்கின்றன, அடியில் தாழ்ந்த ஸ்வரங்கள் மட்டும் மிச்சம். முடிந்தது.

படங்களில் நூறு முறை வெற்றி முழக்கம் எழுதிப் பழகிய ஒருவரால்தான் இதை இத்தனை துல்லியமாக எழுத முடியும். எந்த நொடியில் நம் மனசு கைதட்டத் தயாராகிறது என்று அவருக்குத் தெரியும். அந்த நொடியில் தரையை உருவுகிறார். இழப்பு என்றால் இப்படித்தான், எல்லாம் கூடி வரும்போது ஆள் இல்லை. திரையிசையின் பழக்கம் சிம்ஃபனியைக் கெடுத்துவிட்டது என்று சொன்னவர்கள் இந்த இடத்தைக் கேட்டும் எப்படி அப்படிச் சொன்னார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இதேபோல நான்காம் சிம்ஃபனியில் மரிம்பா, பாங்கோ போன்ற தாளக் கருவிகளை நடுவில் கொண்டுவந்தார். 1958-ல் லண்டன் நாட்டிங் ஹில்லில் கரீபியக் குடியேறிகள்மேல் நடந்த இனவெறித் தாக்குதல்களுக்கு அவர் சொன்ன பதில் அது.

முறிந்த பிறகு

1960-களில் பிரிட்டிஷ் இசை உலகின் காற்று திசை மாறியது. பாடிக்காட்டக்கூடிய மெட்டு என்பதே பழமை என்று கருதும் இசைக்கு மதிப்பு கூடியது. ஆர்னால்ட் கார்ன்வால் கடற்கரைக்குக் குடிபோனார், அங்குள்ள பித்தளை பேண்டுகளுக்கு எழுதினார். 'தி பாட்ஸ்டோ லைஃப்போட்' மார்ச்சில் நடு நடுவே ஒரு ஸ்வரம் மெட்டோடு ஒட்டாமல் உறுமும். பக்கத்து ட்ரெவோஸ் கலங்கரை விளக்கம் மூடுபனியில் கப்பல்களை எச்சரிக்க ஊதும் ஊதல் அது. 1972 வாக்கில் டப்ளின் போனார்.

மனநோயும் குடியும் அவரை இளமையிலிருந்தே தொடர்ந்தன. இரண்டு திருமணங்கள் முறிந்தன. 1970-களின் இறுதியில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, நீண்ட காலம் மனநல மருத்துவமனைகளில் இருந்தார். தன் பணத்தையும் காரியங்களையும் தானே பார்த்துக்கொள்ளும் நிலை இல்லை என்று நீதிமன்றத்தின் பொறுப்பில் வைக்கப்பட்டார். அந்த ஆண்டுகளில் அவர் ஏறக்குறைய எதுவும் எழுதவில்லை. 1984-ல் ஆண்டனி டே என்பவர் பராமரிப்பாளராக வந்தார். ஓரிரு ஆண்டு தாங்குவார் என்று சொல்லப்பட்ட மனிதர் நார்ஃபோக்கில் அவருடைய கவனிப்பில் இன்னும் 22 ஆண்டுகள் வாழ்ந்தார். 1993-ல் சர் பட்டம் பெற்றார். 2006 செப்டம்பர் 23 அன்று, 84 வயதில் இறந்தார்.

1986-ல் ஒன்பதாம் சிம்ஃபனியை எழுதி ஆண்டனி டேக்குக் காணிக்கையாக்கினார். அதன் முதல் வாசிப்புக்கு 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்கோரைப் பார்த்தவர்கள் தயங்கினார்கள், ஏனென்றால் பக்கம் பக்கமாக வெறுமை. பெரிய ஆர்க்கெஸ்ட்ரா மேடையில் இருக்கும், வாசிப்பது இரண்டே வரி. க்வாயில் செய்த அதே காரியம், ஒரு மெட்டுக்கு எதிரே இன்னொரு மெட்டு, நடுவில் நிரப்ப ஒன்றுமில்லை. கடைசிப் பகுதி மட்டுமே இருபது நிமிடத்துக்கு மேல் மிக மெதுவாக நகர்கிறது. இதைச் சோர்ந்துபோன கிழவரின் இசை என்றவர்கள் உண்டு. எனக்கு அப்படிக் கேட்கவில்லை. எதை நீக்கினாலும் எது நிற்கும் என்று வாழ்நாள் முழுக்கக் கணக்குப் போட்டவர், நிற்கக்கூடியதை மட்டும் எழுதியிருக்கிறார். அத்தனை இருட்டுக்குப் பிறகு கடைசிக் கார்டு, வெளிச்சமாக ஒலிக்கும் மேஜரில் விழுவதைக் கேட்டுப் பாருங்கள்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? 'ரிவர் க்வாய் மார்ச்'சை 'கர்னல் போகி'யோடு சேர்த்து வாசிக்கும் பதிவு ஒன்றைத் தேடுங்கள். முதல் முறை விசிலை மட்டும் பின்தொடருங்கள், இரண்டாம் முறை புது மெட்டை, மூன்றாம் முறை இரண்டையும். இரண்டு வரியைச் சேர்த்துப் பிடிக்கக் காது பழகிவிடும். அடுத்து 'இங்கிலீஷ் டான்சஸ்', ஒவ்வொன்றும் ஓரிரு நிமிடம்தான். பிறகு 'பீட்டர்லூ'. ஐந்தாம் சிம்ஃபனிக்கு அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஒதுக்குங்கள், இரண்டாம் பகுதியின் மெட்டை முணுமுணுக்கும் அளவுக்குத் தெரிந்துகொண்டு நாலாம் பகுதிக்குப் போங்கள். ஒன்பதாவதை அவசரப்பட்டுத் தொட வேண்டாம், மற்றவை காதில் ஊறிய பிறகு அது தானாகத் திறக்கும்.